மிஸ்ஸிடம் கேளுங்கள்: சீனி வருத்தம், செல் துண்டு, வராத நித்திரை

இந்த முறை வந்த கடிதங்களை முற்றத்து மாமரத்துக்குக் கீழே பாயைப் போட்டு, ஒரு பகல் முழுக்க இருந்து வாசித்தேன். புதிதாக வாசிப்பவர்களுக்காக ஒரு சொல்: குடும்பநல உத்தியோகத்தராக (மிட்வைஃப்) 34 வருடம் வேலை செய்தவள் நான். முதலில் துணுக்காய்ப் பக்கம், பிறகு கிளிநொச்சி, கடைசியில் முல்லைத்தீவு. ஓய்வு பெற்ற பிறகும் சந்தையில் கண்டால் "மிஸ்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். பக்கத்துக்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. நான் டொக்டர் இல்லை. மருந்தின் அளவை மாற்றச் சொல்ல எனக்கு உரித்தும் இல்லை. எங்கே போவது, போனால் என்ன கேட்பது, எதற்குப் பிந்தக்கூடாது என்பதைச் சொல்வேன்.

அநேகமான கடிதங்களில் ஒரு வசனம் திரும்பத் திரும்ப வருகிறது: "கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தேன் மிஸ்." அந்தக் கொஞ்ச நாள் ஒருவருக்கு ஐந்து மாதம், இன்னொருவருக்கு மூன்று வருடம். பங்கருக்குள் காய்ச்சலோடும் காயத்தோடும் கிடந்து பொறுத்துப் பழகிய சனம் நாங்கள். அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்றைக்கு இருக்கிறது. அதனால் இந்த முறை பதில்கள் சிலருக்குக் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கும், கோபிக்கக்கூடாது.

பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போடுகிறேன். எங்கள் ஊர்களில் பெயர் போட்டால் பொழுதுபடுவதற்குள் வேலிக்கு வேலி கதை போய்விடும்.

"போன வருடம் ஆனியில் வெறுவயிற்றில் இரத்தம் சோதித்து, சீனி 196 என்று மெட்போமின் தந்தார்கள். மூன்று மாதத்தில் 112 க்கு வந்துவிட்டது. சுகம்தானே என்று குளிசையை நிற்பாட்டினேன். சீனி போடுவதில்லை, பனங்கட்டியோடுதான் தேத்தண்ணி. இரவில் குரக்கன் பிட்டு. இப்போது படுத்தால் உள்ளங்கால் எரிகிறது. குளிசை தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் பழுதாகும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறா. என்ன செய்ய?"
(விசுவமடு, 51 வயது)

தங்கச்சி, 112 க்கு இறக்கியது அந்தக் குளிசைதான். தோட்டத்துக்கு இறைக்கிற மெஷினை நிற்பாட்டிவிட்டு வாய்க்கால் ஏன் காய்ந்தது என்று நாங்கள் கேட்பதில்லை. வெறுவயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இரண்டு தடவை வந்தால் அது சீனி வருத்தம். 100 க்கும் 125 க்கும் இடையில் என்றால் வரம்பில் நிற்கிறது என்று அர்த்தம். நீங்கள் 196 இல் தொடங்கியவர். குளிசையை விட்டு இத்தனை மாதமாகியும் ஒருமுறைகூடச் சோதிக்கவில்லை என்று உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். வருகிற கிளினிக் நாளுக்கே போங்கள். "குளிசையை நானாகத்தான் விட்டேன்" என்று மறைக்காமல் சொல்லுங்கள். ஏச்சு விழும் என்ற பயத்தில் "ஒழுங்காகப் போடுகிறேன்" என்று சொன்னால், போடுகிற மருந்து காணாது என்று நினைத்து அளவைக் கூட்டி எழுதிவிடுவார்கள்.

பனங்கட்டி எங்கள் மண்ணின் பண்டம். எனக்கும் அதில் பாசம் உண்டு. என் அம்மா ஒரு கடியோடு ஒரு மிடறு தேத்தண்ணி என்று குடித்தே 80 தாண்டியவ. ஆனால் பனங்கட்டியில் பெரும்பகுதி சீனிதான். இரத்தத்துக்குள் போனபிறகு இது பனையில் இருந்து வந்தது, அது கரும்பில் இருந்து வந்தது என்று உடம்பு பிரித்துப் பார்ப்பதில்லை. குரக்கனும் அப்படி. அரிசி மாவை விட நல்லது என்பது சரி. நல்லது என்பதற்காக நீத்துப்பெட்டி நிறைய அவித்து முழுவதையும் சாப்பிட்டால் சீனி ஏறத்தான் செய்யும். எங்கள் ஆட்களின் கோப்பையைப் பார்த்தால் சோறு மலை, கறி ஓரம். அதைத் திருப்புங்கள். கோப்பையில் அரைவாசிக்கு முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், பயிற்றங்காய், கத்தரிக்காய் என்று மரக்கறி. கால்வாசி மீனோ பருப்போ முட்டையோ. மிச்சக் கால்வாசிதான் சோறும் பிட்டும்.

அக்கா சொன்னது தலைகீழ். சிறுநீரகத்தைப் பழுதாக்குவது கட்டுப்படாத சீனி. சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனப்பட்டவர்களுக்கு மெட்போமினின் அளவைக் குறைப்பார்கள் அல்லது மாற்றுவார்கள். அதற்காகத்தான் இடையிடையே இரத்தம் எடுக்கிறார்கள். குளிசை போட்டால் வயிற்றைப் பிரட்டுகிறது என்று சிலர் விடுவார்கள். சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட உடனே போட்டால் அது குறையும்.

இனி அந்த உள்ளங்கால் எரிவு. கடிதத்தில் என்னை நிற்க வைத்த இடம் அதுதான். சீனி கூடிக் கூடி நரம்பைத் தின்னும்போது முதலில் எரியும், குத்தும், எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். பிறகு எரிவு தானாக நிற்கும். சுகம் வந்துவிட்டது என்று சனம் சந்தோசப்படுவார்கள். அங்கேதான் ஆபத்து. எரிவு நின்றது கால் விறைத்ததால்.

என் சின்னம்மா ஒருவர் வயல் வரம்பில் வெறுங்காலோடு நடந்தவ. விடத்தல் முள் ஏறியது அவவுக்குத் தெரியவில்லை. நான்காம் நாள் பேரப்பிள்ளைதான் "அம்மம்மா, கால் மணக்குது" என்று சொன்னான். முதலில் பெருவிரலை எடுத்தார்கள். இரண்டு மாதத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். செல்லடிக்குள் ஓடித் தப்பிய கால் அது.

ஆகவே தங்கச்சி, இரவில் படுக்கமுன் கழுவித் துடைத்த காலை லைட் வெளிச்சத்தில் பாருங்கள். விரல் இடுக்கையும் அடிப்பாதத்தையும் பார்க்க முடியாவிட்டால் கண்ணாடியை நிலத்தில் வைத்துப் பாருங்கள், அல்லது மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். வளவுக்குள் நடந்தாலும் செருப்பு. எரிகிறது என்று சுடுதண்ணிக்குள் காலை வைக்கவேண்டாம். விறைத்த காலுக்குச் சூடு தெரியாமல் வெந்துபோகும். வருடத்துக்கு ஒருமுறை கண்ணின் உள்ளே பார்க்கும் சோதனையையும் கேட்டுச் செய்யுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இது உங்களுக்கு மட்டும் இல்லை. கிளினிக் வருகிறதென்று இரண்டு நாள் முன்பிருந்து பாவக்காயும் பட்டினியுமாக இருந்து நல்ல இலக்கத்தோடு வருகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். எச்.பி.ஏ.1.சி என்று ஒரு சோதனை இருக்கிறது. அது கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சீனியின் கணக்கைச் சொல்லிவிடும். வெறுவயிற்றில் வரச்சொன்ன நாளில் சாப்பாட்டையும் குளிசையையும் பையில் கொண்டுபோங்கள். இரத்தம் கொடுத்த உடனே அங்கேயே வாங்கில் இருந்து சாப்பிடுங்கள். விடிய முதல் பஸ்ஸுக்கு வந்து, மத்தியானம் வரை வெறுவயிற்றோடு நின்று மயங்கி விழுந்தவர்களை நானே தூக்கி இருத்தியிருக்கிறேன்.

"சீனி வருத்தக்காரர் பாலைப்பழம் சாப்பிடலாமா? காட்டுப்பழம்தானே?"
(முழங்காவில்)

காட்டுப்பழம் என்றாலும் தேன்போல் இனிக்கிற பழம் அல்லவா ஐயா. ஒரு சிறங்கை, அதுவும் மற்ற இனிப்பு இல்லாத நாளில். பை நிறைய வாங்கி வைத்துக்கொண்டு வாயில் போட்டபடி இருந்தால் கூடாது. வீரைப்பழத்துக்கும் அதே கணக்கு.

"காலபோக விதைப்புக்கு உழவு தொடங்கிவிட்டது. வயலில் இறங்குகிறவர்களுக்குக் குளிசை கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். என்ன குளிசை? காய்ச்சல் இல்லாமல் ஏன் மருந்து?"
(முத்தையன்கட்டு)

எலிக்காய்ச்சலுக்கான முற்காப்பு அது. எலி, மாடு, நாய் இவற்றின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தண்ணியிலும் அந்தக் கிருமி இருக்கும். காலில் உள்ள சின்ன வெடிப்பு, கீறல், கண், வாய் இவற்றால் உள்ளே போகும். டொக்சிசைக்கிளின் 200 மில்லிகிராம், கிழமைக்கு ஒருமுறை, சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணியோடு. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அல்லது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் காசில்லாமல் தருவார்கள். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் அதைப் போடக்கூடாது. தாய் வாங்கி வந்ததை மகளுக்கும் பங்கு கொடுக்கவேண்டாம்.

2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் என்ன காய்ச்சல் என்று தெரியாமல் சனம் பயந்துபோய் நின்றதும், சோதித்துப் பார்த்தபோது அது எலிக்காய்ச்சல் என்று தெரியவந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். சில உயிர்கள் போயின. வயலில் நின்றவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை தொட ஏலாமல் நொந்தால், கண் சிவந்தால், சிறுநீர் குறைந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. "நான் வயலுக்குள் இறங்கினேன்" என்பதை முதலாவதாகச் சொல்லுங்கள்.

நான் வேலைக்கு வந்த காலத்தில் வன்னியில் காய்ச்சல் என்றால் மலேரியா என்றுதான் நினைப்போம். குளோரோகுயின் குளிசையின் கசப்பு எங்கள் வயதுக்காரர் எல்லாருடைய நாக்கிலும் இன்னும் இருக்கிறது. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்த அன்று நான் அழுதேன். எத்தனை பிள்ளைத்தாய்ச்சிகளை அந்தக் குளிர்காய்ச்சலோடு வண்டிலில் ஏற்றியவள் நான். மலேரியா போனபிறகு காய்ச்சல் என்றால் பனடோல் போட்டுப் படுப்பது வழக்கமாகிவிட்டது. பனடோல் போடுங்கள். பெரியவர்களுக்கு ஆறு மணித்தியாலத்துக்கு இரண்டு, நாளொன்றுக்கு எட்டுக்கு மேல் இல்லை. டெங்குவாகவும் இருக்கலாம் என்பதால் அஸ்பிரின், புரூபன், டைக்குளோபினக் எதுவும் தொடக்கூடாது.

"2009 மாசியில் இடுப்புக்குப் பின்னால் செல் பீஸ் (எறிகணைத் துண்டு) பட்டது. ஒன்றை எடுத்தார்கள், ஒன்று உள்ளே இருக்கிறது. மார்கழி மழைக்கு உளைவு எடுக்கும், பொறுத்துக்கொள்வேன். இப்போது நாரிநோவுக்கு எம்.ஆர்.ஐ எடுக்கத் திகதி தந்திருக்கிறார்கள். காயக் கதையை நான் அங்கே சொல்லவில்லை. சொன்னால் தேவையில்லாத விசாரணை வருமோ என்று மனைவி பயப்படுகிறா. சொல்லத்தான் வேண்டுமா? அந்தத் துண்டை எடுத்துவிடலாமா?"
(வட்டக்கச்சி, 44 வயது)

தம்பி, சொல்லத்தான் வேண்டும். ஸ்கானுக்குள் போகமுன் சொல்லவேண்டும். எம்.ஆர்.ஐ மெஷின் பெரிய காந்தம். செல் துண்டுகளில் அநேகமானவை இரும்பு. காந்தம் இழுத்தால் அது அசையலாம், சூடேறலாம். நரம்புக்கோ பெரிய இரத்தக் குழாய்க்கோ பக்கத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. உள்ளே போகமுன் "உடம்பில் உலோகம் ஏதும் இருக்கிறதா" என்று ஒரு படிவத்தில் கேட்பார்கள். எங்கள் ஆட்கள் "மோதிரம் கழற்றிவிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யவேண்டாம். உலோகம் இருக்கிறது என்று தெரிந்தால் முதலில் எக்ஸ்ரே எடுத்து எங்கே, எவ்வளவு பெரிது என்று பார்ப்பார்கள். எம்.ஆர்.ஐ சரிவராது என்றால் சீ.ரி ஸ்கான் என்று வேறு வழி இருக்கிறது.

மனைவியின் பயம் எனக்கு விளங்குகிறது. காயத்தை மறைத்து வாழ்ந்த காலம் ஒன்று எங்கள் எல்லாருக்கும் இருந்தது. நீளக்கை சேட்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் வேலை செய்தவர்களை நான் கண்டிருக்கிறேன். டொக்டருக்குத் தெரியவேண்டியது உலோகம் எந்த இடத்தில் இருக்கிறது, எப்போது போனது என்ற இரண்டும்தான். "உடம்பில் செல் துண்டு இருக்கிறது, 2009 இல் பட்டது" என்று ஒரு வசனம் சொல்லுங்கள், காணும். எல்லார் முன்னாலும் சொல்லக் கூச்சமென்றால் ஒரு துண்டில் எழுதி கிளினிக் கொப்பிக்குள் வைத்துக் கொடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் அந்தத் துண்டு கொப்பிக்குள் இருக்கட்டும். நீங்கள் மயங்கிப்போன நாளிலும் அது உங்களுக்காகப் பேசும்.

எடுப்பதைப் பற்றி. உள்ளே நின்ற துண்டைச் சுற்றி உடம்பே ஒரு தடித்த தழும்புக்கூட்டைக் கட்டி மூடிவிடும். தொந்தரவு தராத துண்டைத் தேடி வெட்டுவது, அதை அங்கேயே விடுவதைவிடக் கூடுதலான சேதம் செய்யலாம். அதனால்தான் அன்றைக்கு விட்டிருப்பார்கள். ஆனால் அந்த இடம் வீங்கினால், சிவந்து சூடானால், சீழ் வந்தால், கால் விறைத்தால், சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போனால் ஒரு நாளும் பிந்தக்கூடாது. மூட்டுக்குள் ஈயச் சன்னம் நிற்பவர்களுக்கு அந்த ஈயம் மெதுவாக இரத்தத்தில் கலக்க இடமுண்டு. அவர்கள் கட்டாயம் சத்திரசிகிச்சை நிபுணரைக் காணவேண்டும்.

மழைக்காலத்து உளைவுக்குச் சூட்டு ஒத்தடம், தசையை இளக்கும் பயிற்சி இரண்டும் உதவும். இயன் மருத்துவப் (பிசியோதெரபி) பிரிவுக்கு ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். கேட்டால்தான் எழுதுவார்கள் பல இடங்களில். பதினைந்து வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு மார்கழியும் தனியே பொறுத்திருக்கிறீர்கள் தம்பி. இந்த மார்கழிக்குப் பொறுக்கவேண்டாம்.

"அப்பாவுக்கு 58. வயல்காரர். நாரிநோவுக்குக் கடையில் நோக்குளிசை வாங்கிக் கிழமைக்கு நாலைந்து நாள் போடுகிறார். எங்கள் கிணற்றுத் தண்ணி கல்லுத்தண்ணி, கேத்தலுக்குள் வெள்ளையாகப் படியும். கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம். அதனால் சிறுநீரக வருத்தம் வராதுதானே?"
(நெடுங்கேணி)

மகள், கொதிக்க வைத்தால் கிருமி சாகும். கல்லுத்தன்மையும் புளோரைட்டும் அப்படியே நிற்கும். தண்ணி வற்ற வற்ற இன்னும் செறியும். 1990 களில் வடமத்திய மாகாணத்தில் முதலில் கவனிக்கப்பட்ட இந்தச் சிறுநீரக வருத்தம் வவுனியா, முல்லைத்தீவுப் பக்கமும் இருக்கிறது. தண்ணியின் கல்லுத்தன்மையும் புளோரைட்டும், வயல் மருந்து, வெயிலில் தண்ணி குடிக்காமல் வேலை செய்வது என்று பலதைச் சொல்கிறார்கள். ஒன்றுதான் காரணம் என்று விஞ்ஞானிகள் இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஊரில் ஆர்.ஓ. தண்ணி (மெஷினில் வடித்துச் சுத்தமாக்கிய தண்ணி) கிடைத்தால் குடிக்கவும் சமைக்கவும் அதை எடுங்கள். கூரையில் பீலி இருந்தால் முதல் மழையைக் கழியவிட்டு, பிறகு வருவதைத் தொட்டியில் மூடிச் சேருங்கள்.

உங்கள் அப்பா விடயத்தில் தண்ணியைவிட எனக்குப் பயம் அந்த நோக்குளிசையில். டைக்குளோபினக் போன்றவற்றை வெயிலில் வியர்த்து உடம்பு காய்ந்த நேரத்தில் நாள்தோறும் போட்டால் சிறுநீரகத்துக்கு நேரே அடி. கடைக்காரர் பெயர் சொல்லாமல் "நோவுக்கு ரெண்டு" என்று வெட்டிக் கொடுப்பார். அந்தத் துண்டை மடியில் முடிந்துகொண்டு வயலுக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்! அதை இன்றைக்கே நிற்பாட்டச் சொல்லுங்கள். நாரிநோ வந்தால் சிறுநீரகம் என்று பயப்படுகிறவர்கள், நோ இல்லாவிட்டால் சிறுநீரகம் நல்லாயிருக்கிறது என்று நினைக்கிறார்கள். இந்த வருத்தம் ஆரம்பத்தில் நோகாது. வீக்கமும் சோர்வும் தெரியும்போது பாதிக்கு மேல் போயிருக்கும். இரத்தத்தில் கிறியற்றினின், சிறுநீரில் அல்புமின், பிரஷர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வயலுக்குப் போகும்போது தண்ணிப்போத்தல் இரண்டாக இருக்கட்டும். உச்சி வெயிலில் மருதமர நிழலில் ஒரு மணித்தியாலம் இருந்தால் வேலை ஒன்றும் ஓடிப்போகாது.

"என் மூத்தவன் 2009 சித்திரையில் காணாமல் போனவன். இன்றைக்கும் ஒரு தகவல் இல்லை. சாமம் இரண்டு மணிக்கு முழிப்பு வருகிறது. நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கும். ஈ.சி.ஜி எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்கிறார்கள். ஒன்றுமில்லை என்றால் ஏன் மிஸ் இப்படி? மனநல டொக்டரிடம் போகச் சொல்கிறாள் மகள். எனக்கு விசர் இல்லை."
(புதுக்குடியிருப்பு, 64 வயது)

அம்மா, உங்களுக்கு விசர் இல்லை. உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கையில் வைத்திருந்துவிட்டுத்தான் பதில் எழுதுகிறேன்.

ஈ.சி.ஜியில் ஒன்றுமில்லை என்றால், எடுத்த அந்த நேரத்தில் இதயத்தில் கோளாறு தெரியவில்லை என்று அர்த்தம். உங்களுக்கு நோகவில்லை என்று அர்த்தமில்லை. நெஞ்சு அடைப்போடு வியர்த்துக் கொட்டினால், இடக்கைக்கோ தாடைக்கோ நோ போனால், அது எத்தனையாவது தடவை என்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மற்றப்படி உங்கள் உடம்பு இன்னும் காவல் இருக்கிறது அம்மா. வாகனச் சத்தத்துக்கும் நாய்க் குரைப்புக்கும் எழும்பிப் பழகிய உடம்பு. படலை திறக்கும் சத்தம் கேட்குமோ என்று காது விழித்திருக்கும்போது மனிதருக்கு எப்படி நித்திரை வரும்?

செத்தவீடு நடந்தால் அழுது, எட்டும் அந்தியேட்டியும் செய்து, ஊர் வந்து பக்கத்தில் இருந்து, துக்கத்துக்கு ஒரு நாள்க்கணக்கு வரும். உங்களுக்கு அது கிடைக்கவில்லை. திவசம் செய்யவும் மனம் வராது, செய்யாமல் விடவும் மனம் வராது. "இனி வரமாட்டான், காரியத்தைச் செய்" என்று யாராவது சொன்னால் செய்யவேண்டிய கட்டாயம் இல்லை. அவனுடைய பிறந்தநாளுக்கு அவனுக்குப் பிடித்ததைச் சமைத்து நாலு பேருக்குக் கொடுக்க மனம் சொன்னால் அதைச் செய்யுங்கள். எது என்றாலும் உங்கள் முடிவு.

2017 மாசி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் போன பிள்ளைகளுக்குப் பதில் கேட்டுத் தாய்மார் போராட்டத்தில் இருக்கத் தொடங்கினார்கள். அந்தப் பந்தலுக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். மடியில் பிள்ளையின் படம் இருக்கும். பிரஷர் குளிசை வீட்டு இறாக்கையில் இருக்கும். "பிள்ளைக்குப் பதில் வரும்வரை எனக்கென்ன மருந்து" என்று ஒரு தாய் என்னைக் கேட்டா. பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பையில் இருந்த மெஷினால் அவவின் பிரஷரைப் பார்த்தேன், அவ்வளவுதான் செய்ய முடிந்தது. அந்தப் பந்தலில் இருந்தவர்களில் எத்தனையோ பேர் இப்போது உயிரோடு இல்லை. அதனால் கேட்கிறேன் அம்மா: அவன் வருகிறபோது நீங்கள் இருக்கவேண்டும் என்றால் டொக்டர் தருகிற குளிசையை எடுங்கள்.

என் தம்பியும் உங்கள் மகன் போன அந்த வருடம்தான் காணாமல் போனவன். ஏழு வருடம் ஒருவருக்கும் நான் அதைக் கதைக்கவில்லை. பகலில் கிளினிக்கில் மற்றத் தாய்மாரிடம் "நித்திரை வருகிறதா" என்று கேட்டு எழுதுவேன். இரவில் நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். ஒருநாள் ஒரு குழந்தையின் நிறையைப் பிழையாக எழுதிவிட்டேன், அன்றைக்குத்தான் போனேன். நீங்கள் போகப் பயப்படுகிற அதே கிளினிக்குக்கு, தெரிந்தவர்கள் காணாத நேரம் பார்த்து. அந்த டொக்டர் முதலில் மருந்து எழுதவில்லை. தம்பியின் பெயர் என்ன என்று கேட்டார். ஏழு வருடத்துக்குப் பிறகு அவன் பெயரை வாய்விட்டுச் சொன்னேன்.

மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். போனால் தைரொயிட், இரத்தசோகை, சீனி, பிரஷர் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். நித்திரையைக் கெடுக்க அவற்றாலும் முடியும். மனச்சோர்வுக்கு மருந்து தந்தால் அது வேலை செய்ய இரண்டு முதல் நாலு கிழமை எடுக்கும். நாலு நாளில் பலனில்லை என்று விடவேண்டாம். அது பழக்கமாகிவிடும் என்ற பயமும் வேண்டாம். பழக்கமாவது, பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிப் போடுகிற நித்திரைக் குளிசை. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம். சாமத்தில் முழிப்பு வந்தால் பாயில் புரளாமல் எழும்பித் திண்ணையில் இருங்கள், கண் சொருகும்போது வந்து படுங்கள். கதைக்கவேண்டும்போல் இருந்தால், எந்தச் சாமமென்றாலும் 1926 என்ற தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கத்துக்கு எடுக்கலாம்.

கடிதத்தில் அவனுடைய பெயரை எழுதியிருந்தீர்கள். இங்கே போடவில்லை. நான் வாசித்தேன்.

"யானைக்காவலுக்கு வயல் கொட்டிலில் நிலத்தில் படுக்கிறோம். போன மாதம் கூடப் படுத்தவனைப் பாம்பு கடித்தது. துணியால் இறுக்கிக் கட்டி, கீறி இரத்தம் எடுத்து, பிறகுதான் கொண்டுபோனோம். தப்பிவிட்டான். ஆனால் கட்டியதுதான் பிழை என்று அங்கே ஏசினார்கள். கட்டக்கூடாதா?"
(ஒட்டுசுட்டான், 26 வயது)

கட்டக்கூடாது, கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது. இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று அந்தக் காலே போகலாம். புடையன் கடித்தால் இரத்தம் உறையாது. அந்த நேரத்தில் பிளேட்டால் கீறினால் ஓடுகிற இரத்தம் நிற்காது. மோதிரம், காப்பு, அரைஞாண் கழற்றுங்கள். கடிபட்ட காலை அசையாமல் தடியோடு தளர்வாக வைத்து, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். 1990 அம்புலன்சுக்கு எடுங்கள், காசில்லை. பாம்பைத் தேடி அடிக்க நேரத்தைப் போக்கவேண்டாம். தூரத்தில் நின்று போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை விட்டு 20 நிமிடம் பார்ப்பார்கள், உறைகிறதா என்று. உறைந்தாலும் ஒரு நாளாவது வைத்திருப்பார்கள். "ஒன்றுமில்லைத்தானே" என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டு வரவேண்டாம்.

நிலத்தில் படுப்பதுதான் எனக்குக் கூடிய பயம். கறுப்பு உடம்பில் வெள்ளை வளையம் உள்ள விரியன் இரவில் படுத்திருப்பவரைத்தான் கடிக்கும். நோகாது, வீங்காது, பல்லுப்பட்ட அடையாளமும் தெரியாது. விடிய வயிற்றுக்குத்தும் வாந்தியும் வரும், கண்மடல் கீழே விழும், நாக்குத் தடிக்கும். நேற்றுச் சாப்பிட்டது சமிக்கவில்லை என்று சோடா குடித்துக்கொண்டிருந்தே போனவர்கள் இருக்கிறார்கள். பரண் கட்டிப் படுங்கள். முடியாவிட்டால் நுளம்புவலையை நாலு பக்கமும் பாய்க்குக் கீழே செருகிப் படுங்கள். புதூர் நாகதம்பிரானுக்கு நேர்த்தி வையுங்கள், நானும் வைப்பேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வாகனத்தில் ஏறியபிறகு வையுங்கள்.

"எனக்கு 35 வயது. சுகவனிதையர் கிளினிக்குக்கு வரச்சொல்லி மிட்வைஃப் மிஸ் இரண்டு முறை வந்துவிட்டா. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வெட்கமாகவும் இருக்கிறது. போகாமல் விட்டால் என்ன?"
(மல்லாவி)

வருத்தம் இல்லாதபோது போகவேண்டிய கிளினிக் அது பிள்ளை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய், புற்றாக மாறுவதற்குப் பல வருடம் முன்பே அங்கே செய்கிற கருப்பைக் கழுத்துச் சோதனையில் தெரியும். அப்போதே பிடித்தால் முழுதாகச் சுகப்படுத்தலாம். ஐந்து நிமிடம்கூட எடுக்காது, நோவும் பெரிதாக இல்லை. மறைப்புக்குள் அநேகமாகப் பெண்கள்தான் நிற்பார்கள். ஆண் டொக்டர் என்றால் பக்கத்தில் ஒரு மிஸ் நிற்கவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம், கேட்பது உங்கள் உரிமை. மார்பை நீங்களே சோதிப்பது எப்படி என்றும் காட்டுவார்கள், பிரஷரும் சீனியும் பார்ப்பார்கள். ஆறாம் வகுப்பில் மகள் இருந்தால் இந்தப் புற்றைத் தடுக்கப் பள்ளிக்கூடத்தில் போடுகிற எச்.பி.வி தடுப்பூசிக்கும் மறக்காமல் சம்மதம் கொடுங்கள். 2017 இல் இருந்து போடுகிறார்கள்.

மாதவிலக்கு நாட்களில் போகவேண்டாம், அதற்கு முதல் இரண்டு நாள் உறவையும் தவிருங்கள். மூன்றாம் முறை அந்த மிஸ் உங்கள் படலையில் சைக்கிள் மணியடித்தால் உள்ளே கூப்பிட்டு ஒரு தேத்தண்ணி கொடுத்து, எந்த நாள் என்று கேட்டுக் கலண்டரில் குறித்துவிடுங்கள்.